புராட்டஸ்டன்ட் மதமும் ஐரோப்பிய ராஜாக்களும் ஓவியங்களில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் 16, 17-ஆம் நூற்றாண்டு ராஜா ராணிப் படங்களில் வந்து பேச்சு நிற்கும். கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

புராட்டஸ்டன்ட் என்றாலே படம், சிலை எதுவும் கூடாது என்பவர்கள்தானே? அப்புறம் எப்படி இவ்வளவு ஓவியம்?

எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. 1517-ல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் போப்பின் திருச்சபையை எதிர்த்துத் தொடங்கி வைத்த இயக்கம்தான் புராட்டஸ்டன்ட் மதமாயிற்று. அது சில ஆண்டுகளிலேயே இந்த விஷயத்தில் பிரிந்துவிட்டது. லூதர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய சகா கார்ல்ஷ்டாட் விட்டன்பெர்க் நகரத்துக் கோயில்களிலிருந்து படங்களை அகற்ற வேண்டும் என்று கிளம்பினார். 1522 மார்ச்சில் லூதர் திரும்பி வந்து தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கம் செய்து அதை அடக்கினார். படம் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, அதை வணங்குவதுதான் தப்பு என்பது அவர் கட்சி.

சூரிச் நகரத்தில் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லியின் வழி வேறு. 1524-ல் நகர சபையின் உத்தரவோடு, கோயில் கதவுகளைச் சாத்திவிட்டு, தொழிலாளர்களை வைத்தே படங்களையும் சிலைகளையும் இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்த இன்னொரு சீர்திருத்தப் போதகர் கால்வின் கடவுளை வரையவே கூடாது என்றார். ஆனால் கண்ணால் காணக்கூடிய பொருளை வரையலாம் என்றும் அவரே எழுதினார். ராஜாவின் முகம் கண்ணால் காணக்கூடியதுதானே. மீதிக் கதைக்கெல்லாம் வாசல் இந்த இடம்தான்.

சரி, மதச் சண்டையில் ராஜாக்களுக்கு என்ன வேலை?

லூதரைப் பிடித்துக் கொடுக்காமல் காப்பாற்றியவர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டு ஆட்சியாளர் பிரெடெரிக். ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமை உள்ள ஏழு எலெக்டர்களில் ஒருவர். இத்தனைக்கும் புனிதர்களின் எலும்பு, ஆடைத்துண்டு என்று ஆயிரக்கணக்கான பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தவர். அவருடைய தம்பி ஜான், தம்பி மகன் ஜான் பிரெடெரிக் இருவரும் வெளிப்படையாகவே லூதரின் பக்கம் நின்றார்கள்.

போப்பை விட்டு விலகிய நாட்டில் திருச்சபையை யார் நடத்துவது? பிஷப்பை யார் நியமிப்பது, மடத்துச் சொத்து யாருக்கு? அந்த அதிகாரமெல்லாம் ஆட்சியாளர் கைக்கு வந்தது. 1555-ல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, கத்தோலிக்கமா லூதர் வழியா என்பதை அந்தந்த ஆட்சியாளரே தீர்மானிக்கலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டது. ஆட்சியாளர் மதம் மாறினால் குடிமக்களின் வழிபாடும் மாறும். ஆகவே அவருடைய படம் வெறும் முகப்படமாக இருக்க முடியாமல் போயிற்று.

கிரானாக் என்ற பெயர் எங்கே பார்த்தாலும் வருகிறதே, யார் அவர்?

லூக்காஸ் கிரானாக் 1505-ல் விட்டன்பெர்க் அரண்மனை ஓவியராகச் சேர்ந்தவர். மேலே சொன்ன மூன்று சாக்சனி ஆட்சியாளர்களுக்கும் வேலை செய்தார். ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார், மேயராகவும் இருந்தார். லூதரின் திருமணத்துக்குச் சாட்சி நின்றவரும் இவர்தான். இன்று லூதர் என்றதும் நம் மனசில் வரும் அந்த அகலமான முகம் கிரானாக் பட்டறை கொடுத்தது.

1522 செப்டம்பரில் வெளிவந்த லூதரின் புதிய ஏற்பாட்டுக்கு மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கும் படங்கள் செய்ததும் இந்தப் பட்டறைதான். அதில் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தீமையின் உருவமாக வரும் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம் இருந்தது. எதிர்ப்பு வரவே, டிசம்பர் பதிப்பில் அதே மரக்கட்டையில் மேல் அடுக்குகளைச் செதுக்கி எடுத்துச் சாதாரணக் கிரீடமாக்கினார்கள். மூன்றே மாதத்தில் ஒரு படத்தைத் திருத்தும் அளவுக்கு அரசியல் சூடாக இருந்திருக்கிறது. இந்தச் சின்னத் திருத்தம் எனக்கு ஒரு முழுப் புத்தகத்துக்குச் சமம்.

அப்போ அந்த ஓவியர்கள் எல்லாம் தீவிர புராட்டஸ்டன்ட்களா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். லூதரின் நெருங்கிய நண்பரான இதே கிரானாக், லூதரின் எதிரணியில் இருந்த கார்டினல் ஆல்பிரெக்டை வேதப் புத்தகத்தோடு அமர்ந்த புனித ஜெரோமாக வரைந்து கொடுத்தார். இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் ராஜா முதலாம் சார்லஸுக்கு வரைந்த ரூபென்ஸும் வான் டைக்கும் ஆன்ட்வெர்ப் நகரத்துக் கத்தோலிக்கர்கள். படத்தின் மதத்தைத் தெரிந்துகொள்ள ஓவியரைவிடக் காசு கொடுத்தவரைத் தேடுவதுதான் பயன் தரும்.

ஒரே ராஜாவின் ஒரே மாதிரிப் படம் பல மியூசியங்களில் இருக்கிறதே, எது ஒரிஜினல்?

பல நேரங்களில் எல்லாமே ஒரிஜினல். 1532-ல் ஜான் இறந்ததும், பட்டத்துக்கு வந்த மகன் ஜான் பிரெடெரிக் கிரானாக்குக்கு ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தார்: பெரியப்பா பிரெடெரிக், அப்பா ஜான் இருவரின் சிறு படங்கள் 60 ஜோடி. பட்டறையில் ஒரே மாதிரியை வைத்து உதவியாளர்கள் வரைந்தார்கள். இருவரின் பெருமையையும் சொல்லும் அச்சடித்த கவிதையைப் படத்திலேயே ஒட்டினார்கள். தன் பட்டத்துக்குப் பேரரசரின் அங்கீகாரத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், தான் எந்த வம்சம் என்பதை ஊர் ஊராகச் சொல்லி அனுப்பிய விதம் அது. நம் அரசு அலுவலகங்களில் தலைவர்களின் படம் மாட்டியிருப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்.

படத்தைப் பார்த்தே இவர் கத்தோலிக்க ராஜா, இவர் புராட்டஸ்டன்ட் ராஜா என்று சொல்லிவிட முடியுமா?

தனி முகப்படத்தில் பெரும்பாலும் முடியாது. கறுப்பு உடை போட்டிருந்தால் புராட்டஸ்டன்ட் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்க ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பும் கறுப்புதான் உடுத்தினார். கறுப்பு அக்காலத்து உயர்குடி ஃபேஷன், அதில் மதம் இல்லை.

வழிபாட்டுப் படங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜெர்மனியின் டெசாவ் நகரத்தில் கிரானாக் 1510 வாக்கில் வரைந்த பீடப்படம் (கோயில் பீடத்தில் வைக்கும், இரு பக்கமும் கதவுகள் உள்ள படம்) இருக்கிறது. நடுவில் மாதா. ஒரு கதவில் பிரெடெரிக், பின்னால் அவருக்காகப் பரிந்து பேசும் புனித பர்த்தலமேயு. மறு கதவில் தம்பி ஜான், பின்னால் புனித யாக்கோபு. இனி வைமார் நகரத்துக் கோயிலின் பீடப்படத்தைப் பாருங்கள். அதே குடும்பத்துக்காக கிரானாக்கின் மகன் 1555-ல் முடித்தது. பக்கக் கதவுகளில் ஜான் பிரெடெரிக்கும் மனைவி சிபிலும் மூன்று மகன்களும். யாருக்குப் பின்னாலும் ஒரு காவல் புனிதர் இல்லை. நடுவில் சிலுவை. அதனடியில் யோவான் ஸ்நானகன், வெள்ளைத் தாடியோடு முதிய கிரானாக், திறந்த வேதத்தில் ஒரு வசனத்தைத் தொட்டுக் காட்டும் லூதர். இயேசுவின் விலாவிலிருந்து பீறிடும் இரத்தம் வேறு யார் வழியாகவும் போகாமல் நேராக ஓவியரின் தலையில் விழுகிறது. இடைத்தரகர் வேண்டாம் என்ற லூதரின் போதனையை இதைவிடத் தெளிவாக ஒரு படம் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிஷியன் வரைந்த குதிரை வீரர் படத்தில் புராட்டஸ்டன்ட்களைத் தோற்கடித்த போர் என்கிறார்கள். படத்தில் எதிரியே காணோமே?

மாட்ரிட் பிராடோ மியூசியத்தில் இருக்கும் ஐந்தாம் சார்லஸ் படம்தானே. 1547 ஏப்ரல் 24 அன்று மூல்பெர்க் போரில் பேரரசர் சார்லஸ், ஜான் பிரெடெரிக்கைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். அடுத்த ஆண்டு ஆக்ஸ்பர்க்கில் வெனிஸ் ஓவியர் டிஷியன் இதை வரைந்தார். கவசம், ஈட்டி, கறுப்புக் குதிரை, செவ்வானம். பிணமும் இல்லை, எதிரியும் இல்லை.

காரணம் இருக்கிறது. மதத்துக்காக அல்ல, கலகம் செய்த சிற்றரசர்களைத் தண்டிக்கவே வந்தேன் என்பது சார்லஸின் வாதம். அவர் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஜான் பிரெடெரிக்கின் உறவினர் மோரிட்ஸ் லூதர் வழியினர்தான். வெற்றிக்குப் பின் எலெக்டர் பட்டம் அவருக்கே போனது. நாளைக்கும் இந்தச் சிற்றரசர்களை வைத்துத்தான் ஆட்சி நடத்தவேண்டும் என்றிருக்கும்போது, புராட்டஸ்டன்ட்களைக் குதிரைக் காலில் போட்டு வரைந்தால் கூட்டாளிக்கும் அது அவமானம்.

தோற்றவரையும் டிஷியன் வரைந்தார். அந்தப் படம் வியன்னாவில் இருக்கிறது. கனத்த உடம்பு சட்டகத்தையே நிறைக்க, கன்னத்தில் போரில் பட்ட வெட்டோடு ஜான் பிரெடெரிக் உட்கார்ந்திருக்கிறார். கைதியின் படம் என்று சொல்லாவிட்டால் தெரியாது, அவ்வளவு கண்ணியம். எழுபது வயது தாண்டிய கிரானாக் 1550-ல் தன் எஜமானைத் தேடி ஆக்ஸ்பர்க் போய் அவரோடு தங்கினார் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தப் படத்தின் முன்னால் மனசு கொஞ்சம் கனக்கும்.

எட்டாம் ஹென்றி மனைவியை விலக்கத்தானே மதம் மாறினார்? அவரை புராட்டஸ்டன்ட் என்றே சொல்லலாமா?

போப்பின் அதிகாரத்தை விட்டார், வழிபாட்டில் பெரும்பாலும் பழையவராகவே இருந்தார். 1521-ல் லூதரை எதிர்த்துப் புத்தகம் எழுதி போப்பிடமே பட்டம் வாங்கியவர். 1534-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் தானே என்று சட்டம் கொண்டுவந்தார். 1540 ஜூலை 30 அன்று, ஒரே நாளில், லண்டனில் மூன்று புராட்டஸ்டன்ட் போதகர்களை எரித்தார்கள், போப்புக்கு விசுவாசமான மூன்று கத்தோலிக்கர்களையும் கொன்றார்கள். இரண்டும் ஹென்றியின் ஆட்சிதான்.

ஆனால் படங்களில் அவர் எடுத்த இடம் புதியது. 1539-ல் அச்சான ஆங்கிலப் பெரிய வேதாகமத்தின் முகப்புப் பக்கத்தில் ஹென்றி நடுவில் அமர்ந்து, இரண்டு கையாலும் வேதத்தை பிஷப்புகளுக்கும் அமைச்சர்களுக்கும் கொடுக்கிறார். கீழே மக்கள் ராஜா வாழ்க என்கிறார்கள். கடவுள் உச்சியில் சிறிய உருவமாக ஒடுங்கியிருக்கிறார். 1537-ல் ஹென்றியின் அரண்மனை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹென்றியையும் அவர் பெற்றோரையும் மனைவி ஜேன் சீமோரையும் வரைந்தார். கால் அகட்டி நேராக நம்மைப் பார்த்து நிற்கும் ஹென்றி அந்தச் சுவரிலிருந்து வந்தவர். நடுவில் எழுதியிருந்த லத்தீன் கவிதை, போப்புகளின் ஆணவம் இவர் முன் அடங்கியது என்று சொன்னது. 1698 தீயில் சுவர் போய்விட்டது. நகல்களும், ஹோல்பைனின் முன்வரைபடத்தில் ஒரு பகுதியும் இருக்கின்றன.

ஹோல்பைன் பெண்ணை அழகாக வரைந்து ஹென்றியை ஏமாற்றிவிட்டார் என்பது உண்மையா?

ஜெர்மனியின் கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆன் பற்றிய கதை. 1539-ல் ஹோல்பைனை அனுப்பி வரைந்து வரச் செய்தார்கள், படம் இப்போது லூவ்ரில். 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. ஆனால் அங்கிருந்த இங்கிலாந்துத் தூதரே படம் தத்ரூபம் என்று எழுதியிருக்கிறார். ஹோல்பைனுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. தலை போனது இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு.

ஏன் கிளீவ்ஸ்? வைமார் பீடப்படத்தில் முழந்தாளிட்டிருக்கும் சிபில், ஆனுக்கு உடன்பிறந்த அக்கா. அதாவது ஹென்றி, சாக்சனியின் ஜான் பிரெடெரிக்குக்குச் சகலை ஆனார். ஜெர்மன் புராட்டஸ்டன்ட் அரசர்களோடு இங்கிலாந்தைச் சேர்க்கும் கணக்கு அது. ஒரு பெண்ணின் மூக்கும் முழியும் பற்றிய வம்பாக இந்தக் கதை சுருங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

போப் தலைகுப்புற விழுந்து கிடக்கும் ஒரு படம் பார்த்தேன், அருகே ஒரு சிறுவன் ராஜா. அது என்ன?

லண்டன் தேசிய உருவப்பட மியூசியத்தில் உள்ளது. படுக்கையில் சாகக் கிடக்கும் எட்டாம் ஹென்றி, மகன் ஆறாம் எட்வர்டைக் கை நீட்டிக் காட்டுகிறார். எட்வர்டின் காலடியில் திறந்த வேதம், "கர்த்தருடைய வசனமோ என்றென்றைக்கும் நிலைத்திருக்கும்" என்ற வசனத்தோடு. அதன் பாரத்தில் போப் சரிகிறார், அவர் மார்பில் "மாம்சமெல்லாம் புல்". மேலே ஜன்னல் போன்ற கட்டத்தில் ஆட்கள் ஒரு சிலையைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். நிலைத்திருக்கும் வசனம் சாக்சனி அரண்மனை ஆட்கள் சட்டைக் கையில் எழுத்துகளாகத் தைத்துக்கொண்ட அதே வசனம்தான்.

பொறி வைத்த படம் இது. எட்வர்ட் காலத்தில், 1547 வாக்கில் வரைந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, இதிலுள்ள படுக்கையும் சிலை உடைப்பும் 1560-களில் வந்த டச்சு அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்தவை என்று தெரிந்தது. அப்போது எட்வர்ட் இறந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆட்சியில் இருந்தவர் அக்கா எலிசபெத். அவர் தன் சொந்தத் தொழுகைக்கூடத்தில் வெள்ளிச் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்ததற்குப் பிஷப்புகளே முறையிட்டிருக்கிறார்கள். உங்கள் தம்பியைப் பாருங்கள் என்று ராணிக்கு நினைவூட்டிய படமாகவே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

கோயில் சிலைகளை உடைத்தவர்கள் ராஜாவின் படத்தை மட்டும் ஏன் விட்டார்கள்?

கால்வின் பதிலை மேலே சொன்னேன்: கண்ணால் காண்பதை வரையலாம். ஆனால் நடந்தது அதற்கும் மேலே. இங்கிலாந்துக் கோயில்களில் பீடத்துக்கு முன் உயரத்தில் நின்ற சிலுவையை இறக்கிவிட்டு, பல இடங்களில் அங்கேயே அரச முத்திரையை மாட்டினார்கள்.

நெதர்லாந்திலும் அப்படித்தான். 1566-ல் ஊர் ஊராகச் சிலைகளை உடைத்தார்கள். 1584-ல் டெல்ஃப்ட் நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட, ஸ்பெயினை எதிர்த்த கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு வில்லியத்துக்கு 1614-ல் கல்லறை கட்டத் தொடங்கினார்கள். சிற்பி ஹென்ரிக் டி கெய்சர். பளிங்கும் வெண்கலமுமாக, காலடியில் அவர் வளர்த்த நாயோடு. எங்கே கட்டினார்கள் தெரியுமா? அந்த ஊர்ப் புதிய கோயிலில், முன்பு பெரிய பீடம் இருந்த இடத்தில். வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே மக்கள் வந்து அந்தக் கல்லறையைப் பார்த்து நிற்பதைப் பல டச்சு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். புனிதர்களை வெளியேற்றியவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை என்பதுதான் இத்தனை படங்களையும் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு.

எலிசபெத் ராணிக்கு மட்டும் வயதே ஆகவில்லையே?

முகத்துக்கு ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள், சாக்சனியின் 60 ஜோடி போல. 1596-ல் ராணிக்குப் பொருந்தாத படங்களை அழிக்க அரச சபையே உத்தரவிட்டது. 1588-ல் ஸ்பெயினின் கப்பற்படை தோற்றதைக் கொண்டாடும் படத்தில் அவருக்கு 55 வயதிருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பின்னால் ஒரு ஜன்னலில் கப்பல்கள், மறு ஜன்னலில் புயலில் சிதறும் கப்பல்கள், கை பூமி உருண்டையின் மேல். கன்னித் தன்மையைச் சொல்லும் முத்துகள் உடையெங்கும். மாதாவின் படத்தை எடுத்த நாட்டில் இந்தப் படம் எதை நிரப்பியது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரே சம்பவத்தை இரண்டு பக்கமும் வரைந்த படங்கள் உண்டா?

உண்டு. 1572 ஆகஸ்ட் 24 அன்று பாரிஸில் தொடங்கிய, புராட்டஸ்டன்ட்களைக் கத்தோலிக்கர்கள் கொன்ற புனித பர்த்தலமேயு நாள் படுகொலை. தப்பி வெளியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் ஓவியர் பிரான்சுவா துபுவா வரைந்த படம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் இருக்கிறது. தெருவெல்லாம் பிணம், ஜன்னலில் தொங்கும் புராட்டஸ்டன்ட் தளபதி கொலினியின் உடல், பின்னால் கறுப்பு உடையில் ராஜமாதா கேத்தரின் குவிந்த சடலங்களைக் குனிந்து பார்க்கிறார். மறுபக்கம், போப் பதின்மூன்றாம் கிரகோரி 1573-ல் இத்தாலிய ஓவியர் வசாரியைக் கொண்டு வத்திக்கானின் அரச மண்டபத்தில் அதே கொலையைச் சுவரோவியமாக வரையச் செய்தார், வெற்றியாக. அதிலும் கொலினி ஜன்னலிலிருந்து வீசப்படுகிறார். துபுவா பழி சுமத்துவதற்காக அரச குடும்பத்தை வரைந்தார். வசாரியின் தொடரிலோ ராஜா ஒன்பதாம் சார்லஸ் நீதிமன்றத்தில் அமர்ந்து தானே பொறுப்பேற்கிறார், அது பெருமையாக.

முதலாம் சார்லஸ் புராட்டஸ்டன்ட் ராஜா. அவரைப் புராட்டஸ்டன்ட்களே கொன்றார்கள். அவர் படம் ஏன் கத்தோலிக்கப் புனிதர் படம் போல இருக்கிறது?

அவருடைய மனைவி கத்தோலிக்கர், ரசனையும் ரோம், வெனிஸ் பக்கம். லண்டன் விருந்து மாளிகையின் கூரையில் ரூபென்ஸ் வரைந்து 1636-ல் பொருத்திய படங்களில் அப்பா முதலாம் ஜேம்ஸ் வானத்துக்கு ஏறுகிறார். தீவிர புராட்டஸ்டன்ட்களான பியூரிட்டன்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? 1649 ஜனவரி 30 அன்று, அந்தக் கூரைக்குக் கீழே நடந்து வெளியே வந்துதான் சார்லஸ் கொலைமேடை ஏறினார்.

சில நாட்களில் அவர் பெயரில் ஒரு தியானப் புத்தகம் வந்தது. முகப்பில் சார்லஸ் முழந்தாளிட்டிருக்கிறார், பொற்கிரீடம் தரையில், கையில் முட்கிரீடம். கவிஞர் மில்டன் இதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார், எடுபடவில்லை. 1662 முதல் 1859 வரை இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெப நூலில் ஜனவரி 30 அன்று சார்லஸுக்கென்றே ஓர் ஆராதனை இருந்தது. புனிதர் வணக்கத்தை விட்ட திருச்சபைதான் அதையும் செய்தது.

லேடி ஜேன் கிரே கண்ணைக் கட்டிக்கொண்டு தடவும் படம் அழவைக்கிறது. அப்படித்தான் நடந்ததா?

ஆறாம் எட்வர்டுக்குப் பின் ஒன்பது நாள் மட்டும் ராணியாக இருந்த புராட்டஸ்டன்ட் பெண் ஜேன். கண் கட்டியதும், வெட்டுமரத்தைக் கைகளால் தேடியதும் பழைய பதிவுகளில் உள்ளவை. மற்றதெல்லாம் பிரெஞ்சு ஓவியர் டெலரோஷின் மேடையமைப்பு. 1554 பிப்ரவரி 12 அன்று ஜேன் இறந்தது லண்டன் கோபுரத்தின் திறந்த வெளியில், கறுப்பு உடையில். 1833-ல் டெலரோஷ் அவரை இருண்ட மண்டபத்தில், வெள்ளைப் பட்டில் நிறுத்தினார். பார்த்தவர்கள் பாரிஸ்காரர்கள், நாற்பது ஆண்டு முன் தங்கள் ராஜா ராணியையே கில்லட்டினில் கொடுத்தவர்கள். ஆகவே 1554-ஐவிட 1793-ஐப் பற்றித்தான் இந்தப் படம் அதிகம் சொல்லும்.

நம்ம ஊரில் இந்தக் கதையின் தடயம் ஏதாவது உண்டா?

தரங்கம்பாடி போங்கள். டென்மார்க்கின் லூதர் வழி ராஜா நான்காம் பிரெடெரிக் அனுப்பி சீகன்பால்க், புளூட்சா என்ற இரண்டு போதகர்கள் 1706-ல் அங்கே வந்திறங்கினார்கள். 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்தோடு அந்த ராஜாவின் பெயர்ச் சின்னம் இருக்கிறது. அரச முத்திரை கோயிலுக்குள் வந்த கதை அங்கே தமிழ் மண்ணிலேயே நிற்கிறது.

லண்டனில் ஒரே நாள்தான். எதைப் பார்ப்பது?

டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்குங்கள். தேசிய ஓவிய மியூசியத்தில் டெலரோஷ். அதன் பின்பக்கம் தேசிய உருவப்பட மியூசியம்: ஹோல்பைனின் ஹென்றி முன்வரைபடமும் எட்வர்ட்-போப் படமும் அவர்களுடையவை. அங்கிருந்து வைட்ஹால் தெருவில் கொஞ்சம் நடந்தால் விருந்து மாளிகை. எந்தப் படம் காட்சியில் இருக்கிறது, மாளிகை திறந்திருக்கும் நாள் எது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் டெலரோஷை விட்டுவிட்டு எட்வர்ட் படத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், அதில் எழுத்தைப் படித்துப் பார்க்க அவசரப்படக் கூடாது.